ஒரு கல் உப்பு

காலையில் அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அப்பா நாட்டு நிலவரத்தைச் சொல்லத் தயாராக இருப்பார். கட்டிலை விட்டு இறங்கவே அடுத்தவர் தோள் வேண்டிய மனிதருக்கு, நாடு எந்தப் பள்ளத்தில் விழப்போகிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் வளையும் கம்பி ஒன்று, கம்பியின் நுனியில் போன், போனுக்குள் மேஜர். கம்பியை வாங்கி வந்து திருகி மாட்டியவள் அவள்தான். மேஜரும் அவள்தான்.

“நேத்து மேஜர் ஒரு கேள்வி கேட்டார் பாரு,” என்பார் அப்பா. “ஆறு ரெண்டு கரைக்கும் பொதுன்னா, வெள்ளம் மட்டும் ஏன் நம்ம கரைக்கு வருதுன்னு கேட்டார். எவன் பதில் சொல்லுவான் அதுக்கு?”

முந்தின நாள் மதியம் மூன்றாவது டேக்கில்தான் அந்தக் கேள்வியை அவள் சரியாகப் படித்திருந்தாள். முதல் டேக்கில் தெருவில் எவனோ ஹாரனை அழுத்திவிட்டான். இரண்டாவதில் அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது. நம் கரை தாழ்வான கரை, அதனால் வெள்ளம் வருகிறது என்று ஐந்தாம் வகுப்பு படித்த யாரும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு மேஜரின் குரல் இல்லையே.

மகளின் குரல் அப்பாவுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஊரில் பாதி லிஃப்ட்டுகளில் ‘கதவுகள் மூடுகின்றன’ என்று சொல்வது அவள்தான். பேங்குக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்தச் சொல்வதும் அவள்தான். அந்த வேலை கிடைத்த புதிதில் பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் அப்பா காரணமே இல்லாமல் மூன்று முறை ஏறி இறங்கினார். கூட நின்ற நோயாளிகளிடம் கூரையைக் காட்டி “என் பொண்ணு” என்றார். மகள் இன்னும் அதே வேலையைத்தான் பார்க்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். மேஜர் பேசும் சானலின் குரல் யாருடையது என்று வெளியே மூச்சு விடக்கூடாது என அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்து வாங்காவிட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். லிஃப்ட்டுக்குக் குரல் கொடுப்பதில் ஒரு மரியாதை இருந்தது.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். போலி பாஸைக் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். கர்ப்பிணி என்று சொன்னால்கூட இரண்டாம் தடவை பார்ப்பார். யார் முகத்தையும் நம்பாமல் வேலை பார்த்துப் பெயர் வாங்கிய அந்த மனிதர்தான், முகமே இல்லாத ஒருவரை இப்படி நம்பினார்.

*

சானல் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே வெட்டி மிஞ்சிய பஞ்சுத் துண்டுகளை வாங்கி வந்து ஓர் அறையின் நான்கு சுவரிலும் ஒட்டி, அதைக் குரல் அறை என்றார்கள். உள்ளே போனால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நாற்காலி கிறீச்சிடும் என்பதால் நின்றுகொண்டே படிக்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது. “குரல் வந்தாச்சா?” என்று கேட்பார்கள். “குரலுக்கு ஒரு டீ சொல்லுங்க” என்பார்கள்.

முதல் மாதம் அவள் சொந்தக் குரலில்தான் படித்தாள். எல்லையில் பதற்றம் என்று அடிவயிற்றிலிருந்து படித்தால், கீழே கருத்துப் பெட்டியில் “அக்கா, சமையல் குறிப்பு எப்ப போடுவீங்க?” என்று கேட்டிருந்தார்கள். முதலாளி இரண்டு நாள் யோசித்தார். பிறகு எடிட்டரைக் கூப்பிட்டு, அவளுடைய குரலை மூன்று படி கீழே இறக்கி, கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்கச் சொன்னார். அந்த வாரமே ஒருவர் “ஐயா, நீங்கள் ராணுவத்தில் இருந்தவரா?” என்று எழுதினார். இன்னொருவர் அதற்குக் கீழே, “ஆமாம், எனக்கு நேரில் தெரியும், மேஜர், எல்லையில் ஒரு காலை இழந்தவர்” என்று பதில் போட்டார். பிறகு ஆயிரம் பேர் அந்தக் காலுக்கு நன்றி சொன்னார்கள்.

“நாம எதுவும் சொல்லலையே,” என்றார் முதலாளி. “அவங்களே சொல்லிக்கிறாங்க. அவங்க மனசை நாம ஏன் நோகடிக்கணும்?”

முதலாளி முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்றவர். வீட்டுக்காரம்மாவிடம் அவர்கள் குழாய்த் தண்ணீரையே, அவர்கள் டம்ளரிலேயே வாங்கி, அதில் இரண்டு சொட்டு எதையோ விட்டுப் பழுப்பாக்கிக் காட்டுவாராம். “கடைத் தண்ணியைக் காட்டினா ஒருத்தியும் பயப்பட மாட்டா. அவ வீட்டுத் தண்ணி, அவ டம்ளர். அப்பதான் கை நடுங்கும்.” அந்தப் பாடத்தைத்தான் இங்கே ‘உப்பு’ என்று பெயர் மாற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு கல் உப்பு இருக்க வேண்டும். அதாவது, உட்கார்ந்து யோசித்தால் வராத, எங்கேயோ ஒரு வீட்டில் நிஜமாகவே இருக்கிற ஒரு சின்ன விஷயம். “உப்பு மட்டும் நிஜமா இருக்கணும். மீதியை நாம பாத்துக்கலாம்” என்பார்.

எழுதிக் கொடுப்பவரை எல்லாரும் கவிஞர் என்றார்கள். வாழ்த்து அட்டைகளுக்கு நான்கு நான்கு வரி எழுதிப் பிழைத்தவர். மூன்று வருஷத்தில் அவர் தன் மாமியார் வீட்டில் காணாமல் போன கரண்டியிலிருந்து, மச்சினன் கடையில் வேலை பார்த்தவனின் பழைய ரேடியோ வரைக்கும் எல்லாவற்றையும் உப்பாகப் போட்டுத் தீர்த்துவிட்டிருந்தார்.

*

பக்கவாதம் வந்து அப்பாவின் இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் எட்டு மாதம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்ததால் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோவைக் கை காட்டினார்கள். நாற்பது வயதுப் பெண், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டிலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இங்கே இருப்பவள். ஊரில் அப்படிப்பட்டவர்களை அக்கரைக்காரர்கள் என்பார்கள். முன்பு அந்தச் சொல்லில் விஷம் இல்லை.

பிசியோ தினமும் காலையிலும் மாலையிலும் வந்து அப்பாவை ஆட்டி வைத்தாள். “இன்னும் ஒரு அடி ஐயா. பஸ்ல எத்தனை பேரை ஏறி இறங்க வெச்சிருப்பீங்க, இப்ப நீங்க நடங்க,” என்பாள். அப்பா அவளை டீச்சரம்மா என்று கூப்பிட்டார். பயிற்சி முடிந்ததும் அவள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து நீல அட்டை போட்ட சின்ன நோட்டை எடுப்பாள். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட். அவளுடைய மொழி எழுத்தில் நாலு வரி எழுதுவாள். எழுதும்போது உதடு லேசாக அசையும்.

அதில் என்ன எழுதுகிறாள் என்று மகள் முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பிசியோ சிரித்துக்கொண்டே வரி வரியாகப் படித்துக் காட்டினாள். இன்று ஏழு அடி. இடது முழங்கால் மடங்கியது. காலையில் கோபம், ஆகவே நன்றாக நடந்தார். இவ்வளவுதான். “நம்ம கணக்கு நமக்கே மறந்துடும் தங்கச்சி. எழுதி வெச்சாதான் ஏறுதா இறங்குதான்னு தெரியும்.”

இதில் மேஜருக்கும் பங்கு இருந்தது என்பதுதான் வேடிக்கை. அப்பா சோர்ந்து போகிற நாளில் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார். “அந்த மனுஷனுக்கு ஒரு காலே இல்ல. எனக்கு ரெண்டும் இருக்கு. நான் நடக்க மாட்டேனா?” இல்லாத மேஜரின் இல்லாத கால், அப்பாவை நிஜமாகவே ஏழிலிருந்து பத்தொன்பது அடிக்குக் கொண்டுவந்திருந்தது. அதைப் பார்த்து அவள் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சமாதானம் அடைந்திருந்தாள். மனுஷ மனசு எதில்தான் சமாதானம் தேடாது.

“நாளைக்கு சாயங்காலம் நாலரைக்கு ஐயா லிஃப்ட் வரைக்கும் நடக்கப் போறார்,” என்று ஒரு நாள் பிசியோ அறிவித்தாள். “நீயும் இருக்கணும். ஆள் பாத்தா அவருக்கு வீரம் வரும்.”

*

மறுநாள் கவிஞர் எழுதியிருந்த தலைப்பு ‘வீட்டுக்குள் வந்த அக்கரை’. வீட்டு வேலைக்கும் நோயாளிகளைப் பார்க்கவும் வருகிற அக்கரைக்காரர்கள் எல்லாரும் வேவு பார்க்க வந்தவர்கள் என்பது அதன் சாரம். எத்தனை லட்சம் பேர், எத்தனை சதவீதம் என்று கவிஞர் வாய்க்கு வந்ததை அடுக்கியிருந்தார். முதலாளி இரண்டு பக்கம் படித்துவிட்டு மேஜையில் போட்டார்.

“எங்கய்யா உப்பு?”

கவிஞர் பேனாவைத் திறந்து மூடினார். மணி மூன்று. ஐந்து மணிக்கு வீடியோ ஏற வேண்டும். வேலை விட்டுப் பஸ்ஸில் உட்காருகிறவர்கள் போனைத் திறக்கிற நேரம் அது. உப்பு கிடைக்காமல் அவள் படிக்க முடியாது. படிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. நாலரைக்கு அப்பா லிஃப்ட் வரைக்கும் நடக்கப் போகிறார். அவள் கதவோரமாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கவிஞர் யோசிக்கிற வேகத்தைப் பார்த்தால் ராத்திரி ஆகிவிடும்போல் இருந்தது.

“ஒரு நோட்டு இருக்கு சார்,” என்றாள்.

“என்ன நோட்டு?”

“எனக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒரு அக்கரைக்காரம்மா வருவாங்க. வேலை முடிஞ்சதும் சின்ன நீல நோட்டுல ஏதோ எழுதுவாங்க. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு. அவங்க எழுத்துல. எழுதும்போது உதடு அசையும்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். “உதடு அசையும்,” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். “கவிஞரே, எழுதிக்கங்க.”

அதில் என்ன எழுதியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் படித்து முடித்தாள். ‘அந்த நீல நோட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதப்படுகிறது?’ என்ற இடத்தில் கவிஞர் கேட்டுக்கொண்டபடி ஒரு மூச்சு நிறுத்தினாள். நன்றாகத்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போது தான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அது உண்மைதான். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான உண்மை கிடையாது.

நாலரைக்குச் சரியாக வந்து சேர்ந்துவிட்டாள். அப்பா வலக்கையில் கோலை ஊன்றி, இடது பக்கம் பிசியோ அணைத்துப் பிடிக்க, வாசலைத் தாண்டினார். “இருபது. இருபத்தொண்ணு. மூச்சு விடுங்க ஐயா. இருபத்திரண்டு.” அப்பா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒரு கதவைத் திறந்த மகிழ்ச்சியில் அவருடைய கண் கலங்கிவிட்டது. அவளும் அழுதாள். பிசியோ மட்டும் அழவில்லை. நோட்டை எடுத்து, ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, 22 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். “அடுத்த மாசம் கீழ, பஸ் ஸ்டாப் பெஞ்சு வரைக்கும்,” என்றாள். மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

*

மறுநாள் காலையில் அப்பா நாட்டு நிலவரம் எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை வலக்கையாலேயே கழுத்து வரைக்கும் போட்டு, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஏறுகிற நாட்களில் அவர் முகம் அப்படித்தான் இருக்கும். பிசியோ உள்ளே வந்து பையை வைத்தாள்.

“அந்த நோட்டைக் காட்டு,” என்றார்.

“எதுக்கு ஐயா?”

“காட்டுன்னா காட்டு.”

பிசியோ குழப்பத்தோடு எடுத்துக் கொடுத்தாள். அப்பா ஒற்றைக் கையால் பக்கங்களைத் தள்ளினார். தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “என்ன எழுதியிருக்கு?”

“நீங்க நடந்ததுதான். இதோ, நேத்து இருபத்திரண்டு அடி. முழங்கால் நல்லா…”

“எழுத்து தெரியாதவன்கிட்ட என்ன வேணா படிச்சுக் காட்டலாம். எத்தனை பேரைப் பாத்திருப்பேன். பாஸைத் தலைகீழா நீட்டிட்டு சிரிப்பானுங்க.”

பிசியோ திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். முதல் வாரமே அவளுக்குப் படித்துக் காட்டிய நோட்டு அது. தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐயா அடங்கிவிடுவார் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியானால் மேஜருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்பார். கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது, அப்பாவின் மருந்துச் செலவு நினைவுக்கு வந்தது. “அப்பா, டீ ஆறுது,” என்றாள். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் வரிகளைப் படித்தவள், அன்று சொந்தமாகச் சொன்னது அதுதான்.

அன்று மாலை குடியிருப்பின் போன் குழுவில் அப்பா எழுதினார்: ‘மேஜர் சொன்னது என் வீட்டிலேயே நடந்தது. நீல நோட்டு. நேரில் பார்த்தேன்.’ இருட்டுவதற்குள் அது பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் காவலாளி பிசியோவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மகள் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது பிசியோ கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏழு வீடு தங்கச்சி. ஒரே நாள்ல ஏழு வீட்டுலயும் வேண்டாம்னுட்டாங்க.” அவள் அழவில்லை, கத்தவில்லை, கணக்குப் புரியாதவள்போல் நின்றாள். “அந்த மேஜர் யாரும்மா? நான் பாத்ததே இல்ல. ரப்பர் பேண்ட் வரைக்கும் சொல்றான். நான் எழுதும்போது உதடு அசையும்னு சொல்றான். எனக்கே தெரியாது அது. எங்க நின்னு பாத்திருப்பான்?”

பிசியோ பையைத் திறந்து நீல நோட்டை எடுத்துக் கம்பிக் கேட்டுக்கு ஊடாக நீட்டினாள்.

“ஐயா கேட்டார்ல, குடுத்துடு. அடுத்து யாராவது வந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு தெரியணும். விட்டுடாதீங்க. ரெண்டு வாரம் விட்டா கால் இறுகிடும், அப்புறம் திருப்ப முடியாது.”

பிறகு அவள் பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்து போனாள். அடுத்து யாரும் வரவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் அக்கரைக்காரர்கள்தான் இருந்தார்கள். எவளும் வேண்டாம் என்றார் அப்பா.

நோட்டைக் கையில் வாங்கியதும் அப்பா அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அந்தப் படம் ஊரைச் சுற்றி நான்காம் நாள் மெத்தைக் கடை மாடிக்கு வந்துவிட்டது. முதலாளி அதை அவளிடம் நீட்டியபோது அவருடைய கை நிஜமாகவே நடுங்கியது. “பாத்தீங்களா? நாம சும்மா சொன்னோம். உண்மையாவே இருக்கு.” வட்டத்துக்குள் இருந்த எண்ணைக் கவிஞர் பெரிதாக்கியிருந்தார். ‘இருபத்திரண்டு. அது எதன் எண்ணிக்கை? வீடுகளா? அல்லது நாட்களா?’ அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நின்றுகொண்டு, அதையும் படித்தாள்.

*

பிசியோ சொன்ன இரண்டு வாரம் கணக்குத் தப்பவில்லை. முதலில் பதினைந்து அடியாயிற்று, பிறகு ஆறு. பிறகு அப்பா கோலைத் தொடுவதை விட்டுவிட்டார். காலை மடக்கப் போனால் “விடு, விடு” என்று பல்லைக் கடித்தார். பொறுக்க முடியாமல் ஒரு காலை வேளையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

“அப்பா, மேஜர் நான்தான்.”

அப்பா பல நாள் கழித்துச் சிரித்தார். “நீயா? கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறுறவ நீ.”

அவள் ஆறும் வெள்ளமும் பற்றிய கேள்வியை அப்படியே சொல்லிக் காட்டினாள். எந்த இடத்தில் மூச்சு நிறுத்துவது என்பதுகூட மாறவில்லை. அப்பா மரியாதையோடு முழுவதும் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுற. ஆனா அடிபட்ட மனுஷன் பேச்சு வேறம்மா. அது படிச்சு வர்றது இல்ல.”

அன்று மதியம் எடிட்டர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் குரல் அறைக்குள் போனாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பேசியதை எடிட்டரின் கணினியில் மூன்று படி இறக்கிக் கரகரப்பைச் சேர்த்துத் தன் போனிலிருந்தே அப்பாவுக்கு அனுப்பினாள். மேஜரின் குரல் சொன்னது: “அப்பா, நான் உங்க பொண்ணு பேசறேன். மேஜர்னு ஒருத்தர் இல்ல. அந்த நோட்டுல இருந்தது நீங்க நடந்த அடி. சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு அதை எடுத்துக் குடுத்தது நான்தான். டீச்சரம்மா காலைத் தொட்டுக் கேக்கறேன்னு சொல்லிக் கூப்பிடுங்கப்பா. உங்க கால் போயிடும்.”

பத்தே நிமிஷத்தில் அப்பா கூப்பிட்டார். குரலில் பல மாதமாக இல்லாத சுறுசுறுப்பு.

“உன் போனுக்குள்ள எவனோ புகுந்துட்டான். உடனே அணைச்சு வை. மேஜர் மாதிரியே பேசி எனக்கு அனுப்பியிருக்கான். என்கிட்டயா? முப்பத்தோரு வருஷம் போலி பாஸ் பிடிச்சவன்கிட்டயா?”

“அப்பா, அது போலின்னு எப்படித் தெரியும்?”

“குரல் நடுங்குது. மேஜர் குரல் என்னைக்காவது நடுங்கியிருக்கா? அதுவும் அப்பான்னு கெஞ்சறான். மேஜர் யாரையும் கெஞ்ச மாட்டார். அங்கேயே பிடிச்சிட்டேன்.” பெருமை தாங்காமல் ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். “எல்லா குழுவுக்கும் அனுப்பி எச்சரிக்கை பண்ணிட்டேன்.”

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேஜையில் போன், போனில் அவள் குரல் அப்பா அப்பா என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை.

“அந்தக் குழுவுல எழுதினவர் உங்க அப்பாவா?”

“ஆமா சார்.”

“நல்ல மனுஷன்.” போனை அணைத்தார். “நீங்க போறதுன்னா போகலாம். மூணு வருஷக் குரல் எங்ககிட்ட இருக்கு. இப்பல்லாம் அதைப் போட்டா மெஷினே பேசுது. மேஜருக்கு ஒண்ணும் ஆகாது. இருக்கறதுன்னா, இன்னைக்கு இதைப் படிங்க.”

கவிஞர் தாளை நீட்டினார். தலைப்பு ‘மேஜரின் பெயரில் போலிக் குரல்’. பக்கத்து நாடு மேஜரின் குரலைத் திருடி முதியவர்களை ஏமாற்றுகிறது என்று தொடங்கியது. நடுவில் ஒரு வரியைச் சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தார்: ‘போலிக் குரல் நடுங்கும். அப்பா என்று கெஞ்சும். நடுங்கினால் நம்பாதீர்கள்.’

“உப்பு உங்க அப்பாவே குடுத்துட்டார்,” என்றார் முதலாளி.

போய்விட்டிருக்கலாம். போனால் என்ன ஆகும் என்று கேட்டால், அவள் மட்டும் சுத்தமாவாள், வேறு ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோழைகளுக்கு எப்போதும் இப்படி ஒரு நல்ல நியாயம் கிடைத்துவிடுகிறது. அவள் குரல் அறைக்குள் போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஒரே டேக். எங்கேயும் நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இரண்டாம் முறையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியின் நுனியில் போன் அவர் முகத்துக்கு மிக அருகில் வளைந்திருந்தது.

“கேட்டியா? நான் சொன்னதையே மேஜர் சொல்லிட்டார். வார்த்தை மாறாம. நடுங்கினா நம்பாதீங்கன்னு.” முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. “அவர் காதுக்கு என் பேச்சு போயிருக்கு பாரு.”

“கேட்டேன்பா.”

“இந்தக் கால் கீழ விழுந்துடுச்சு. கொஞ்சம் எடுத்து வை.”

இடது கால் கட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் தூக்கினாள்; முழங்கால் மடங்கவில்லை, பலகைபோல் மொத்தமாக வந்தது. அதை மெத்தையில் வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள். அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அவருக்கு அதுகூட இல்ல, பாவம்.”